வியர்க்கும் பாளம்

கல்லக்காவுக்கு அந்தப் பெயர் வந்தது மனசு கல் என்பதால் அல்ல, பொறுக்கியது கல் என்பதால். துறைமுகத்தை ஒட்டிய விமானத்தளம் ராணுவத்தின் கையில் இருந்த காலம் அது. விடிந்ததும் இருபது பெண்கள் ஓடுபாதையில் வரிசையாக நடப்பார்கள். கோலிக்குண்டு அளவு கல் ஒன்று இன்ஜினுக்குள் போனால் போதும், விமானம் வீடு திரும்பாது. செருப்புக்குத் தடை. கண்ணுக்குத் தப்பினது காலுக்குத் தப்பாது என்பது அவர்கள் வேதம். இருபத்திரண்டு வருஷம் நடந்ததில், ஒவ்வொரு காங்கிரீட் பாளத்தையும் சொந்தக்காரரைப் போல அவள் உள்ளங்கால் அறிந்து வைத்திருந்தது.

பிறகு ராணுவம் கிளம்பியது. ஓடுபாதை முழுக்கக் கன்டெய்னர்கள் வந்து குந்திக்கொண்டன. கல்லக்கா அங்கேயே பூட்ஸ் மாட்டிக்கொண்டு கூட்டிப் பெருக்கினாள். அங்கே கிரேன் ஓட்டுபவர் அவளுடைய ஒரே மகளின் கணவர். "அத்தை இன்னும் பிளேனுக்குத்தான் வழி பண்றாங்க" என்று வாய் ஓயாமல் கேலி செய்வார்.

புதிதாக வந்த ராட்சத கிரேனை மாப்பிள்ளை மேற்குக் கோடிக்கு ஓட்டிப் போகும் நாள். வெயில் ஏறிவிட்டது, பாளங்கள் எல்லாம் காய்ந்து கிடந்தன. கிரேன் போகும் வழியில் ஒன்று மட்டும் சொதசொதவென்று நனைந்திருந்தது. கல்லக்கா துடைப்பத்தைக் கீழே போட்டாள். அந்தக் காலத்திலும் அது மட்டும்தான் வியர்க்கும். பைலட்டைப் பார்த்து வெட்கப்படுகிறது என்று பெண்கள் சிரிப்பார்கள். ஆனால் ராணுவத்தார் அதன்மேல் ஒரு விமானத்தையும் நிறுத்தவிட்டதில்லை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை, கேட்கவும் முடியாது.

இன்ஜினியரிடம் ஓடினாள். "சார், அது மேல ஏத்தாதீங்க. கீழ என்னமோ இருக்கு."

"மேப்புல ஒண்ணும் இல்லையேம்மா."

"ரகசியத்த மேப்புல போட்டா வைப்பாங்க?"

"பனி பெஞ்சிருக்கும்."

"பனி என்ன, ஆள் பாத்தா பெய்யும்?"

அவர் கையை அசைத்தார். கிரேன் நகர ஆரம்பித்தது. கல்லக்கா பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்தப் பாளத்தின் நடுவில் போய்ச் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"எந்திரிங்க, வேலை போயிடும்!" என்று இன்ஜினியர் கத்தினார்.

"வேலை போனா வேற தேடிக்குவேன். மாப்பிள்ளைய எங்க போய்த் தேடுறது?"

கிரேன் நின்றது. வேறு வழியில்லாமல் துளை போட்டுப் பார்த்தார்கள். ஒரு முழம்கூட இறங்கவில்லை, துரப்பணம் சட்டென்று பிடிமானமில்லாமல் விழுந்தது. துளையைப் பெரிதாக்கி டார்ச்சைக் கயிற்றில் இறக்கினார்கள்.

கீழே ஒரு மண்டபம். தூண், தூண், அதற்கப்பால் இன்னும் தூண். வெளிச்சம் போய்த் தொட மறுபக்கச் சுவர் அகப்படவில்லை. அடியில் ராணுவம் ஒளித்து வைத்த பழைய எரிபொருள் கறுப்பாக மினுங்கியது; அந்த இருட்டின் குளிர்ச்சியில்தான் மேலே பாளம் வியர்த்திருக்கிறது. கல்லக்கா குப்புறப் படுத்துப் பார்த்தாள், உடம்பெல்லாம் புல்லரித்தது. எத்தனை கைகள் தோண்டியிருக்கும்! இத்தனை பெரிய இருட்டுக்கு மேலேயா அவள் தினமும் குனிந்து கூழாங்கல் தேடினாள்? தன்னையறியாமல் கைகூப்பினாள்.

மாப்பிள்ளை கிரேனிலிருந்து இறங்கி வந்தார். கேலி எதுவும் வரவில்லை. பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஈரப் பாளத்தின் விளிம்பில் வெறுங்காலை ஊன்றினார்.

"சில்லுன்னு இருக்கு, அத்தை" என்றார்.