நிசார் தட்டிய dir /a

குவைத்தில், எங்கள் ஃபர்வானியா ரூமில் கருவாடு வறுபடும் வாசனை வந்தால், யாரோ லீவு முடிந்து ஊரிலிருந்து திரும்பிவிட்டார் என்று அர்த்தம்...

கூடவே ஒரு பென்டிரைவும் வரும். ஊருக்குப் போகிறவர் ரூமில் இருக்கிற எல்லோர் வீட்டு வீடியோவையும் அதில் வாங்கி வர வேண்டும். வீட்டுக்கு ஒரு ஃபோல்டர்.

அந்த முறை போய் வந்தவர் ஜமால் பாய். எங்கள் ரூம் அந்தோணிக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. அவன் குவைத்துக்கு வந்தபிறகு பிறந்த மகளின் வீடியோ வருகிறது. அவளைப் போட்டோவில்தான் பார்த்திருந்தான். அவள் சிரித்து, அழுது, தவழ்ந்து பார்த்ததில்லை.

லேப்டாப்பில் சொருகினோம்.

காலி. ஒன்றுமே இல்லை.

விசாரித்தால், பாய் வருகிற வழியில் ஏதோ காப்பி எடுக்க அதே பென்டிரைவை ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டரில் சொருகியிருக்கிறார். அந்தக் கடையில் இல்லாத வைரஸ் உலகத்திலேயே கிடையாது!

அந்தோணி கட்டிலில் போய் உட்கார்ந்துவிட்டான். பாவம், அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஃபார்மட் அடித்து மொத்தமாக அழித்துவிட்டு, அடுத்து ஊருக்குப் போகிறவனிடம் வாங்கிக்கொள்ளலாம் என்று பாய் மவுஸைப் பிடித்தார்...

அப்போதுதான் நிசார் டியூட்டி முடிந்து வந்தான். காயல்பட்டினத்துக்காரன், அண்ணனைக் காக்கா என்பான்; ஒரு கம்பெனியில் ஐடி சப்போர்ட். எதற்கெடுத்தாலும் கறுப்புத் திரையைத் திறந்து தட்டுவான். பந்தா பார்ட்டி என்று நாங்கள் ஓட்டுவோம்.

"காக்கா, கைய எடுங்க. இடம் நெறஞ்சிருக்குண்டு காட்டுது பாருங்க. எல்லாம் உள்ளதான் இருக்கு."

சட்டைகூட மாற்றவில்லை. dir என்று தட்டினான். ஒன்றும் வரவில்லை. dir /a என்று தட்டினான்... வைரஸ் மறைத்து வைத்திருந்த ஃபோல்டரெல்லாம் மடமடவென்று வந்து நின்றன. நடுவில் அந்தோணி மகளின் பெயர். அடடா, அந்த நிமிஷம்! இன்னொரு வரி தட்டி எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்தான்.

மொத்த ரூமும் லேப்டாப்பை மொய்த்தது. நிசார் அதைத் தூக்கி அந்தோணி மடியில் வைத்தான்.

"யல்லா, எல்லாரும் வெளிய வாங்க. அவன் மொதல்ல தனியாப் பாக்கட்டும்."

வராந்தாவில் நின்றோம். சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை சிரித்தது. பிறகு அந்தோணி அழுகிற சத்தம் கேட்டது.

இப்போது நான் துபாயில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். மறைந்த ஃபைலைக் காட்ட இங்கே ls -a; கை தானாகத் தட்டுகிறது. இன்றைய பையன்கள் பிள்ளை பிறந்த அன்றே வீடியோ காலில் பார்த்துவிடுகிறார்கள்... கம்பெனி பஸ்ஸில், பத்துப் பேர் நடுவில். நல்லதுதான், யாரும் ஏங்க வேண்டாம்.

அந்தக் கமாண்டை யாரும் தேடிக் கற்றுக்கொள்ளலாம். ஒருத்தன் தன் மகளைப் பார்க்க ரூமையே காலி பண்ணிக் கொடுக்க வேண்டும் என்று நிசாருக்குத் தோன்றியதே...

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் தோன்றியிருக்காது.