பச்சையிலேயே நின்ற அடிபம்புத் தண்ணீர்

கல்லூரி ஆய்வகத்தில் சுண்ணாம்புத் தண்ணீரில் இரண்டு சொட்டு ப்ரோமோதைமால் ப்ளூ விட்டேன். சட்டென்று நீலமானது. உடனே எங்கள் தெரு அடிபம்புதான் ஞாபகத்துக்கு வந்தது.

எங்கள் தெரு மரக்காணம் உப்பளத்துக்கும் ஓர் இறால் பண்ணைக்கும் நடுவில் இருக்கிறது. பண்ணை வந்த பிறகுதான் தண்ணீர் கரிக்கிறது. பண்ணைக்காரர்கள் லாரியில் குடிதண்ணீர் தரவேண்டும் என்று கேட்டால், "உப்பளத்து ஊர்ல தண்ணி உப்பாத்தாம்மா இருக்கும்" என்பார் பண்ணை மேனேஜர். நாக்கு சொல்வதை யார் சாட்சியாக எடுத்துக்கொள்கிறார்கள்? நிறத்தை அப்படித் தள்ளிவிட முடியாது என்று நினைத்தேன்.

ப்ரோமோதைமால் ப்ளூ, செல்களைப் பார்க்கவும் ஏற்றுகிற ஒரு சாயம்தான். அமிலத்தில் மஞ்சள், காரத்தில் நீலம், இரண்டும் இல்லையென்றால் பச்சை. இறால் குட்டையில் கடல் தண்ணீரை நிரப்பி, மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பு கொட்டுகிறார்கள். அந்தத் தண்ணீர் எங்கள் பம்புக்கு ஊறி வருகிறதென்றால் நீலம் காட்டிக்கொடுத்துவிடும். குட்டைத் தண்ணீரை மட்டும் பிடித்துப் பார்த்தேன். நீலம். அது போதுமென்று கிராமசபைக்குக் கிளம்பிவிட்டேன்.

எல்லோர் முன்னாலும் அடிபம்புத் தண்ணீரில் சொட்டு விட்டேன். பச்சை. இன்னும் இரண்டு சொட்டு. அழுத்தமான பச்சை.

"பச்சைன்னா என்னாம்மா அர்த்தம்?" என்றார் மேனேஜர்.

"அமிலமும் இல்ல, காரமும் இல்ல சார். ஆனா..."

"அப்ப நல்ல தண்ணி. படிச்ச பொண்ணே சொல்லிடுச்சு. தலைவரே, லாரி விஷயத்தை இதோட விட்டுடலாமில்ல?"

சிரித்தார்கள். விட்டும்விட்டார்கள்.

மண் சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு உப்பை மட்டும் விட்டிருக்கும். சமையல் உப்பை எவ்வளவு கரைத்தாலும் இந்தச் சாயம் அசையாது. முதல் வருடப் பாடம்.

வீட்டு வாசலில் அம்மா குடத்தோடு நின்றாள். நாளெல்லாம் உப்பளத்தில் கூலி வேலை. அதற்கப்புறம் அடுத்த ஊருக்குத் தண்ணீர் நடை.

"கலர் காட்டி முடிச்சிட்டியா? புடி குடத்த."

"இன்னொன்னு இருக்குதும்மா. அது உப்பையே காட்டும்."

"அதையும் அந்த மேனேஜர்கிட்டயே கொண்டுபோய்க் காட்டு."

வெள்ளி நைட்ரேட். உப்புத் தண்ணீரில் விட்டால் பால்போல் வெளுக்கும். விலை அதிகம் என்று கல்லூரியில் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்கள், கொஞ்சம் கேட்டிருக்கிறேன். எங்கள் பம்பிலும், உப்பளத்தை ஒட்டிய தெருவின் பம்பிலும் பிடிக்கவேண்டும். எதில் உப்பு அதிகம் என்று அளக்கவேண்டும். எங்களுடையதில்தான் அதிகமென்றால், உப்பளத்து ஊர் என்ற பேச்சு எடுபடாது.

இந்த முறை முதலில் வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு.