ஷெல்டன் ஒன்லைனில் இருக்கிறார்

நம்புகிறவர்கள் நம்பட்டும். இது பதுளை பஸாரில், பட்டப்பகலில், இரண்டு பேர் கண்ணெதிரே நடந்தது. அதில் ஒருவர் ஃபோன் கடை றஹீம் நானா. அன்றைக்கு நடந்ததை இன்றும் நேரம் பிசகாமல் சொல்கிறார். மற்றவள் அவர் கடையில் வேலை செய்த கிருஷாந்தி. நடந்ததெல்லாம் அவளுக்குத்தான்.

நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள் கிருஷாந்தி. வேலைக்காக டவுனில் அறை எடுத்திருந்தாள். வீட்டில் அம்மா றீட்டாவும் தம்பி ஷெல்டனும். ஷெல்டன் ஒரு பழைய கொம்பியூட்டரை வாங்கி, அதையே சேர்வராக்கி ஒரு கேம் ஓட்டிக்கொண்டிருந்தான். இரண்டு பேருக்கு மட்டும் இடம். அக்காவும் தம்பியும் அதற்குள் தங்கள் லயத்து வீட்டையே சுவர் சுவராகக் கட்டி வைத்திருந்தார்கள். சனிக்கிழமையிலிருந்து சேர்வர் வேலை செய்யவில்லை. கேட்டதற்கு, "மழைக்கு நெட் இல்லக்கா" என்றான்.

புதன்கிழமை காலை 10.30. லயத்துக்குப் பின்னால் மண் சரிந்துவிட்டதாகச் செய்தி வந்தது. பிறகு ஒரு தகவலும் இல்லை. தம்பியின் ஃபோன் ஓஃப். அம்மாவின் ஃபோனும் ஓஃப். தோட்டத்து பெக்டரியின் லேண்ட்லைனில் சத்தமே இல்லை. பாதை மூடியிருந்தது. கடைக்குள் நிற்கவும் முடியாமல், போகவும் வழியில்லாமல், கிருஷாந்தி அதே மூன்று நம்பர்களை மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தாள்.

பகல் 1.15. அவள் ஃபோன் 'டிங்' என்றது.

'ஷெல்டன் ஒன்லைனில் இருக்கிறார்.'

"நானா! தம்பி கேமுக்குள்ள இருக்கான்! வீட்டுல கரண்ட் இருக்கு!"

றஹீம் கடை லெப்டொப்பைத் திறந்தார். "அழாத புள்ள. உள்ள போய்க் கேப்பம்."

சேர்வருக்கு நேரே பச்சைப் புள்ளி. இரண்டு இடத்தில் ஒன்று நிரம்பியிருந்தது. அதை அழுத்தினாள். வட்டம் சுற்றியது... சுற்றியது...

'இணைக்க முடியவில்லை.'

ரூட்டரைக் கழற்றி மாட்டினார்கள். முடியவில்லை. கேமைப் புது வெர்ஷனுக்கு மாற்றினார்கள். ஒன்பது நிமிடம் போனது. முடியவில்லை. ஃபயர்வோலை நிறுத்திப் பார்த்தார்கள். வைஃபையை விட்டு றஹீமின் ஃபோன் டேட்டாவில் போட்டார்கள். ஒவ்வொரு முறையும் அதே எழுத்து.

"மாதாவே, ஒரே ஒரு தடவ... ஒரே ஒரு தடவ விட்டுரு." இருபது முறையாவது அழுத்தியிருப்பாள். பச்சைப் புள்ளி மட்டும் அணையவில்லை.

1.58. இருவருமே கையை எடுத்திருந்தார்கள்.

திரை தானாக மாறியது.

உள்ளே போய்விட்டாள்.

சேர்வருக்குப் போய்வர எடுக்கும் நேரத்தைக் காட்டும் பிங், மூலையில் 1 என்று இருந்தது. நமுனுகுலவிலிருந்து அறுபதுக்குக் குறைந்ததே இல்லை.

"ஒண்டா?" என்றார் றஹீம். "சேர்வர் இந்த ரூமுக்குள்ள இருந்தாத்தான் இப்பிடிக் காட்டும்."

அவளுக்கு அது காதில் ஏறவில்லை. அவள் தம்பியைப் பார்த்துவிட்டாள்.

குசினிக்குள், அடுப்படியில் நின்றான். முகம் பின்சுவரைப் பார்த்து இருந்தது.

'நீ எங்கடா இருக்க?' என்று அடித்தாள்.

'வீட்டுலதான்.'

'வெளிய வா! மண்ணு சரியுதாம்!'

பத்து விநாடி... இருபது...

'கதவு இல்லக்கா.'

அவள் கேமுக்குள் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் வைத்த கதவு அங்கே இல்லை. அந்த இடம் முழுக்க மண்.

'ஷெல்டன்... திரும்புடா. என்னயப் பாரு.'

அவன் திரும்பவில்லை.

'அம்மா என்னயத் தேடி வருது. விடாத.'

'அம்மா எங்க?'

'பெக்டரிக்கு அடி. இப்ப அடி.'

திரை கறுத்தது.

2.06. காலையிலிருந்து செத்துக் கிடந்த பெக்டரி லேண்ட்லைனுக்கு அடித்தாள்.

மணி போனது.

"ஹலோ... பெக்டரி. மத்தேயு பேசுறேன்."

"கிளாக்கர் ஐயா, நான் றீட்டா மக! அம்மா அங்கயா?"

"இவ்வளவு நேரம் இங்கதாம்மா இருந்தா. தம்பியத் தேடி இப்பதான் லயத்துப் பக்கம் எறங்குறா."

"விடாதீங்க ஐயா! பிடிங்க! கும்பிடுறேன், பிடிங்க!"

ரிசீவர் மேசையில் விழுந்தது. ஓடும் சத்தம். மழை. தூரத்தில் அம்மாவின் குரல், "என் புள்ள அங்க இருக்கான், விடுங்க!"

பிறகு ஒரு சத்தம். மலை இருமியதுபோல.

2.14.

லயம் முழுவதும் போய்விட்டது. அம்மா போகவில்லை. பெக்டரி வாசலிலேயே கிளார்க் மத்தேயுவும் இன்னும் இரண்டு பேரும் அவளை அமுக்கிப் பிடித்திருந்தார்கள்.

ஷெல்டனை வெள்ளிக்கிழமை எடுத்தார்கள். குசினிப் பின்சுவருக்குக் கீழே கிடந்தான். காலையில் சரிந்த முதல் மண்ணிலேயே உயிர் போயிருக்கிறது என்றார் டொக்டர். கிருஷாந்தி அழவில்லை. 1.58க்கு அவன் பேசினானே என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். துக்கத்தில் சொல்கிறாள் என்று நினைத்தார்கள்.

அடக்கம் முடிந்து ஒன்பதாம் நாள். பாதை திறந்து, றிப்பேர் பார்க்கும் சுரேஸ், மண்சரிவுக்கு முதல் நாள் போயிருந்த ஊரிலிருந்து கடைக்குத் திரும்பினான். கிருஷாந்தியைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான்.

"நீங்க லீவு போட்ட சனிக்கிழம தம்பி வந்தாங்க அக்கா. பழுதாகிடுச்சுன்னு தெரிஞ்சா நீங்க ஏசுவீங்களாம், சொல்ல வேணாம்னாங்க."

லெப்டொப் மேசைக்குப் பின்னால், றாக்கையின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு பையை இழுத்து அவள் முன்னால் வைத்தான்.

ஷெல்டனின் கொம்பியூட்டர். மூடி கழற்றியபடி இருந்தது. கேமும் அவர்கள் கட்டிய வீடும் பதிந்திருந்த ஹார்ட் டிஸ்க் உள்ளே இல்லை. திங்கட்கிழமையே அதைக் கழற்றிக் கொழும்புக்கு அனுப்பிவிட்டானாம்.