தேத்தண்ணிச் சட்டியில் கொதித்த சூப்பி

இன்று நடந்ததை ஒன்றும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பிரசவ லீவு முடிந்து, நாளை அக்கா மறுபடி தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறாள். தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் அவள் பாப்பா போத்தலில்தான் பால் குடிக்க வேண்டும். ஆனால் போத்தல் மூடியில் இருக்கும் ரப்பர் சூப்பியை வாயில் வைத்தாலே துப்புகிறாள்.

பதுளையில் புதுச் சூப்பி வாங்கி வந்து, பெட்டியில் எழுதியிருந்தபடி தண்ணீரில் கொதிக்க வைத்தேன். அது தேத்தண்ணி போடும் சட்டி என்பதைக் கவனிக்கவில்லை; சூப்பி பழுப்பாகி, தேயிலை வாசத்தோடு வந்தது.

"என்னாடி, சூப்பிக்கும் சாயம் போட்டியா?" என்றாள் அக்கா.

பாப்பா அழுததால் அதையே கொடுத்தோம். முழுப்பாலையும் குடித்துவிட்டாள்!

பிறகு அதே சூப்பியைச் சுத்தமான வேறு சட்டியில் கொதிக்க வைத்துக் கொடுத்தோம். துப்பினாள். வயிறு நிறைந்ததாலா, வாசம் போனதாலா?

நாளை எந்தச் சட்டி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

"போதும்டி, படு" என்று அக்கா லைட்டை அணைத்துவிட்டாள். இரண்டு சட்டிகளும் கழுவித் தயாராக இருக்கின்றன.