டீ கிளாஸில் தாய்ப்பால்

சின்னக் கண்ணாடி டீ கிளாஸை நான் இன்னைக்கும் கையால தொட மாட்டேன். வெளிய எங்கயாவது டீ குடிக்கணும்னா பேப்பர் கப்புலதான் கேப்பேன். கூட வாரவங்க, "பெரிய சுத்தக்காரி"ன்னு கேலி பண்ணுவாங்க. சுத்தமாவது மண்ணாவது! அந்த மாதிரி ஒரு கிளாஸுக்குள்ள நான் எதைப் பீச்சிக் குடுத்துக்கிட்டு இருந்தேன்னு எனக்குல்ல தெரியும்.

நான் பொறந்தது சீவில்லிபுத்தூர் மடவார் வளாகம். வாக்கப்பட்டது ராஜபாளையம். எங்க வீட்டுக்காரரு வெல்டிங் பட்டறை வச்சிருக்காவ. கிரில் கேட்டு, ஜன்னல் கம்பி, மாடிப்படி, தகர செட்டு, எது கேட்டாலும் செஞ்சு குடுப்பாவ. ரோட்டைப் பாத்துப் பட்டறை, அதுக்குப் பின்னால வீடு, நடுவுல ஒத்தச் சுவரு. அந்தச் சுவத்துல ஒரு ஜன்னல். பட்டறையில பத்தவைக்கிற வெளிச்சம் அந்த ஜன்னல் வழியா வந்து எங்க படுக்கை ரூம்பு சுவத்துல பளீர் பளீர்னு அடிக்கும். கல்யாணமாகி வந்த புதுசுல எனக்கு அது வேடிக்கையா இருந்துச்சு.

மொதப் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனேன். பொம்பளப் பிள்ள பொறந்துச்சு. எங்க வீட்டுக்காரரோட அக்கா பாக்க வந்துச்சு. நான் மதினின்னு கூப்பிடுவேன். எங்களுக்கு அடுத்த தெருவுலதான் வீடு, ஆனா விடிஞ்சா அடைஞ்சா எங்க வீட்டுலதான் இருக்கும். பிள்ளை மேல கெடந்த துணியை வெலக்கி என்ன பிள்ளைன்னு பாத்துச்சு. "சரி போ, அடுத்ததைப் பாத்துக்கிடலாம்"னு சொல்லிட்டு, ஒரு பால்கோவா பாக்கெட்டை வச்சிட்டுப் போயிருச்சு. சீவில்லிபுத்தூருக்கே பால்கோவா வாங்கிட்டு வந்த ஒரே ஆளு எங்க மதினிதான். எங்க அம்மா அந்தப் பாக்கெட்டைப் பிரிக்கவே இல்ல.

அஞ்சாம் மாசம் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ராஜபாளையம் வந்தேன். வந்த ரெண்டு மூணு நாள்ல, விளக்கு வைக்கிற நேரமா, பட்டறையில வேலை பாக்குற மம்சாபுரத்துக்காரரு பின்வாசல்ல வந்து நின்னாரு. எங்ககிட்ட இருக்கிறதுலயே மூத்த வெல்டரு. கண்ணு ரெண்டும் கோவைப்பழம் மாதிரி செவந்து, தண்ணியா ஊத்துது. "தாயி, ரெண்டு சொட்டு"ன்னாரு. குடிக்கத் தண்ணி கேக்குதாருன்னு நான் செம்பை எடுக்கப் போனேன். மதினி சிரிச்சுச்சு. "ஏட்டி, தண்ணி இல்ல. பாலு. ஒம் பாலு"ன்னுச்சு.

நான் செம்பைக் கீழ வச்சிட்டு மாராப்பை இழுத்து மூடுனேன்.

வெல்டிங் வெளிச்சத்தை வெறுங்கண்ணால பாத்தா அந்த நேரத்துல ஒண்ணும் தெரியாது. பொழுது சாஞ்ச பொறவுதான் வேலையைக் காட்டும். கண்ணுக்குள்ள ஆத்து மணலை அள்ளிப் போட்டுக் கசக்குன மாதிரி இருக்குமாம். தொறக்கவும் முடியாது, மூடவும் முடியாது. இதுக்குப் பட்டறையில 'அடிச்சிருச்சு'ன்னு பேரு. அடிக்காம இருக்கத்தான் கறுப்புக் கண்ணாடி வச்ச ஷீல்டுன்னு ஒண்ணு இருக்கு. மூஞ்சிக்கு முன்னால பிடிச்சுக்கிட்டுப் பத்தவச்சா ஒண்ணும் ஆகாது. எங்க பட்டறையில அது ஆணியில தொங்கும், அதுக்கு மேல இவங்க சட்டையைத் தொங்கப்போட்டிருப்பாங்க. சட்டைக்கு மட்டும் நல்ல பாதுகாப்பு. "ஒரு புள்ளி பத்தவைக்கதுக்கு எதுக்குத் தாயி ஷீல்டு? கண்ணை மூடிக்கிட்டே வச்சிருவோம்"னு பெருமை வேற. அப்படி ஒரு புள்ளி, ஒரு புள்ளின்னே ஒரு கேட்டுக்கு எம்புட்டுப் புள்ளி வைப்பாங்கன்னு நெனைச்சுப் பாருங்க.

மதினி பட்டறைக்குள்ள போயி ஒரு டீ கிளாஸை எடுத்துட்டு வந்து என் கையில திணிச்சுச்சு. அடியில காலையில குடிச்ச டீ காஞ்சு ஒட்டிக் கெடக்கு. விளிம்புல எவன் உதடோ பட்ட கறை. "கழுவித் தாங்க மதினி"ன்னேன். "கண்ணுல விடத்தான, குடிக்கவா போறாரு"ன்னுச்சு. அந்த மனுசன் வாசல்ல தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்காரு. நான் அடுப்படிக் கதவைச் சாத்திக்கிட்டு, சுவத்தைப் பாத்துத் திரும்பி நின்னு, பீச்சிக் குடுத்தேன். தொட்டில்ல பிள்ள பசிச்சு அழுதுக்கிட்டுக் கெடந்துச்சு. ச்சீ, இது என்ன பொழப்புன்னு இருந்துச்சு எனக்கு.

கிளாஸை வாங்கிக்கிட்டே மதினி வெளக்கம் குடுத்துச்சு. "பொம்பளப் பிள்ள பெத்தவ பாலுதான் கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆம்பளப் பிள்ள பெத்தவ பாலு சூடு." அடி ஆத்தி! பிள்ள பொறந்த அன்னைக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுப் போனதுக்கு, பொம்பளப் பிள்ளையோட அருமை இப்பத்தான் தெரிஞ்சிருக்கு.

அது ஒரு நாளோட போகல. வாரத்துல எவனாவது ஒருத்தனுக்கு அடிச்சிரும். கிளாஸு வந்துரும். ஒரு நாள் ஜன்னல் வழியா என்ன பண்ணுதாங்கன்னு பாத்தேன். ஏன்டா பாத்தோம்னு ஆயிருச்சு. பெஞ்சுல மல்லாக்கப் படுத்துக் கெடக்கான் ஒருத்தன். கிரீஸைத் துடைக்கிற கந்தலைக் கிழிச்சு, கிளாஸுக்குள்ள முக்கி, கண்ணுல பிழியுதான் இன்னொருத்தன். விரல் நகத்துக்குள்ள அம்புட்டும் கரி. கிளாஸு விளிம்புல ஈ உக்காந்திருக்கு. வடிஞ்சது காதுக்குள்ள போகுதுன்னு ரெண்டு பேரும் சிரிச்சுக்கிடுதாங்க. ஆஸ்பத்திரிக்குக் கட்டுத்துணி நெய்யுற சீமையில இருந்துக்கிட்டு, கண்ணைத் துடைக்க ஒரு சுத்தமான துணி இல்ல இவங்களுக்கு.

ஆனா அதைவிட அசிங்கம் ஒண்ணு இருந்துச்சு. நான் பிள்ளையோட வாரதுக்கு முந்தி, அடிச்சா மறுநாள் வேலை போயிருமேன்னு பயந்தாவது நாலு நாளைக்கு ஒருக்கா ஷீல்டைத் தொட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. நான் வந்த பொறவு அதுவும் போச்சு. "ஷீல்டை எடுங்கய்யா"ன்னு ஒரு நாள் ஜன்னல்ல நின்னு சத்தம் போட்டேன். எங்க வீட்டுக்காரரே சிரிச்சுக்கிட்டுச் சொன்னாவ: "அதான் வீட்டுலயே மருந்து இருக்குல்ல."

கட்டுன பொண்டாட்டியைப் பாத்து, கூலிக்காரங்க முன்னால. அவிய வெளையாட்டுக்குச் சொன்னாவளாம்! நான் ஒரு தடிக் கம்பளியை எடுத்து அந்த ஜன்னல் மேல ஆணி அடிச்சு மூடுனேன். தொட்டிலுக்கு நேரா அந்த வெளிச்சம் வந்து விழுந்துக்கிட்டு இருந்துச்சு. பெரிய ஆளு கண்ணையே அந்தப் பாடு படுத்துற வெளிச்சம் பச்சப்பிள்ளைய என்ன செய்யும்? "காத்து வராதே"ன்னாவ. "காத்து வராட்டா வேர்க்கும், அம்புட்டுத்தான். போங்க"ன்னுட்டேன்.

இப்படியே போயிக்கிட்டு இருக்கையில ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பெரிய கேட்டு ஒண்ணு எடுத்துச் செஞ்சாவ. அவசரம். பத்தவச்ச எடத்துக்கு மேல கருப்பா ஒரு ஓடு மாதிரி படியும். சூடு ஆறுனதும் அதைச் சுத்தியலால தட்டி எடுக்கணும். தட்டும்போது சில்லு சில்லாத் தெறிக்கும்னு சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். அதுக்கு வெள்ளைக் கண்ணாடி போடணும். அன்னைக்குத் தட்டுனது எங்க வீட்டுக்காரரு. அந்தக் கண்ணாடி அவிய சட்டைப் பைக்குள்ள இருந்துச்சு. பைக்குள்ள! கண்ணுக்கும் பைக்கும் ஒரு முழம் இருக்குமா?

மறுநாள் காலையில, "நேத்து நல்லா அடிச்சிருச்சு போல. கொஞ்சம் பாலு குடு"ன்னாவ.

நான் மூஞ்சியைப் பாத்தேன். வலது கண்ணு மட்டும் செவந்திருக்கு. எடது கண்ணு பளிச்சுன்னு இருக்கு. அத்தனை பேரு கண்ணைப் பாத்தவ நானு. அடிச்சா ரெண்டு கண்ணும்ல செவக்கும்? வெளிச்சம் என்ன ஒரு கண்ணை மட்டுமா பாத்து அடிக்கும்? உக்காரவச்சு, போன் லைட்டைப் போட்டு எமையை வெலக்குனேன். கருவிழி மேல, ஓரமா, கடுகுல பாதி கூட இருக்காது, ஒரு கறுப்புப் புள்ளி ஒட்டிக்கிட்டு இருக்கு.

"ஏங்க, இது வெளிச்சம் இல்ல. இரும்பு குத்தியிருக்கு. பெரியாஸ்பத்திரிக்கு இப்பவே போவோம்"னேன்.

"கேட்டை இன்னைக்கு ஏத்தணும். பாலை விடு, கரைஞ்சு வந்துரும்"னாவ.

"இரும்பு பால்ல கரையுமா? நீங்கதான இரும்பு யாவாரம் பாக்குதீக? ஒங்களுக்குத் தெரியாதா?"

சத்தம் கேட்டு மதினி வந்துச்சு. கையில கிளாஸு. அதே கிளாஸு. "ஊருல உள்ளவன் கண்ணுக்கெல்லாம் குடுத்தவ, புருசன் கண்ணுக்குத் தரமாட்டேன்னா என்ன அர்த்தம்?"னு பட்டறைக்கே கேக்குற மாதிரி கத்துச்சு. மம்சாபுரத்துக்காரரு எட்டிப் பாத்துட்டு, "தாயி, அவுக சொல்றதும் சரிதான"ன்னாரு. நான் கிளாஸை வாங்கி வாசல்ல எறிஞ்சேன். சிதறிப்போச்சு. "ஒரு சொட்டு தரமாட்டேன். ஆஸ்பத்திரிக்கு வாங்க. இல்ல, எக்கேடும் கெட்டுப் போங்க"ன்னேன். வாயில வந்துருச்சு. புருசனைப் பாத்து அப்படிச் சொல்லுவாங்களான்னு மதினி தலையில அடிச்சுக்கிடுச்சு.

பொறவு அது சும்மா இருக்குமா? அடுத்த தெருவுல அப்பத்தான் ஒரு பொண்ணு பிள்ளை பெத்து வந்திருந்துச்சு. ஆம்பளப் பிள்ள. போயி வாங்கிட்டு வந்துருச்சு. குளிர்ச்சி சூடெல்லாம் அன்னைக்கு ஞாபகத்துக்கு வரல மதினிக்கு. அவிய அதே பெஞ்சுல மல்லாக்கப் படுத்தாவ. அதே கந்தல். "வேண்டாம், வேண்டாம்"னு நான் கையைப் பிடிச்சு இழுத்தேன். "செத்த நேரம் சும்மா இரு"ன்னு கையைத் தட்டிவிட்டாவ. காலையிலயும் சாயங்காலமும் விட்டாங்க. மறுநாளும் விட்டாங்க. கேட்டு போயி மண்டபத்துல ஏறிருச்சு. கண்ணு சீழ் கட்டிருச்சு.

வலி தாங்க முடியாம, சுவத்துல தலையை முட்டுன பொறவுதான் பஸ் ஏறுனாவ. மதுரைக் கண்ணாஸ்பத்திரிக்கு. பிள்ளை என் மடியில, அவிய தலை என் தோள்ல. வழி நெடுக என் சேலையெல்லாம் அந்தக் கண்ணுல இருந்து வடிஞ்சது. நாத்தம். கோவமும் அழுகையும் குமட்டலும் சேந்து வந்துச்சு எனக்கு. எதை அடக்குறதுன்னு தெரியல.

டாக்டரம்மா பாத்துட்டு, என்ன விட்டீங்கன்னு கேட்டாங்க. நான் சொன்னேன். அந்தம்மா பேனாவைக் கீழ வச்சாங்க. "அன்னைக்கே வந்திருந்தா அந்தத் துகளை எடுக்கிறது சின்ன வேலை. பால் விட்டது, புண்ணுக்குள்ள இருந்த கிருமிக்குச் சோறு போட்ட மாதிரி. யார் பாலா இருந்தாலும் இதேதான்"னாங்க. அவிய தலையை ஆட்டுனாவ. நல்லாக் கேட்டாவ. அவிய காதுக்கு ஒரு கோளாறும் இல்ல.

புண்ணு ஆறுச்சு. பார்வை வரல. வலது கண்ணுல பூ விழுந்துருச்சு. அந்தக் கண்ணால பாத்தா என் மூஞ்சி புகைக்குள்ள தெரியுமாம்.

இப்ப எங்க பட்டறையில ஷீல்டு இல்லாம எவனும் பத்தவைக்க முடியாது. மிஷினுக்குக் கரண்டு போற சுவிட்சு வீட்டுக்குள்ள, என் கைக்கு எட்டுற எடத்துல இருக்கு. ஜன்னல் கம்பளியோட ஓரத்தை வெலக்கிப் பாப்பேன், வெறும் மூஞ்சியோட எவனாவது குனிஞ்சான்னு வைங்க, பட்டுன்னு அமத்திருவேன். "கிறுக்கச்சி"ன்னு மொணங்குவாங்க. மொணங்கட்டும். மம்சாபுரத்துக்காரரு மட்டும் இப்ப என்னை நேருக்கு நேர் பாக்க மாட்டாரு, ஆனா ஷீல்டு மேல சட்டையைத் தொங்கப்போடுறதை விட்டுட்டாரு.

இது வரைக்கும் எனக்குச் சம்மதம். சம்மதமில்லாதது வேற ஒண்ணு. ஊருல போயி எங்க மதினி சொல்லுற கதை. கட்டுனவ பாலு குடுத்திருந்தா கண்ணு பொழைச்சிருக்குமாம். அவ பிடிவாதம் பண்ணதால ஆம்பளப் பிள்ள பெத்தவ பாலை வாங்கி விட வேண்டியதாப் போச்சாம். அது சூடாம், கண்ணை வேகவச்சிருச்சாம். கல்யாண வீட்டுல சொல்லும், கோயில் பிரகாரத்துல சொல்லும், ரேசன் கடை வரிசையில சொல்லும். கேக்குறவங்க என்னைத் திரும்பிப் பாப்பாங்க. தூ!

எம் மக இப்ப மூணாங் கிளாஸு படிக்கா. போன வாரம் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தவ, பையைக் கூடக் கழட்டல. "ஏம்மா, அப்பா கண்ணுக்கு நீ பால் தரமாட்டேன்னு சொல்லிட்டியாமே? அதனாலதான் கண்ணு போச்சாமே? அத்தை சொல்லுச்சு"ன்னா.

அவிய அங்கனதான் உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு இருந்தாவ. நான் அவிய மூஞ்சியைப் பாத்தேன். சொல்லுங்க, டாக்டரம்மா சொன்னதை நீங்களும் கேட்டீகள்ல, பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு பாத்துக்கிட்டே நின்னேன். அவிய பூ விழுந்த கண்ணு என் பக்கம் வார மாதிரி மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாவ.

"ஆமாடி, தரல"ன்னேன். "அது ஒன்னோட பாலு. ஒனக்குத்தான் குடுத்தேன்."

பிள்ள பையைக் கழட்டி வச்சிட்டு, "பசிக்குதும்மா"ன்னுச்சு.