இடுப்பளவு கரும்புலி

கரும்புலியைப் பார்த்ததாகச் சொல்லுகிறவர்களை நான் லேசில் நம்புவதில்லை. ஒருவர் கன்றுக்குட்டி அளவு என்பார், இன்னொருவர் எருமை அளவு என்பார். வால் மட்டுமே ஓர் ஆள் நீளம் என்று கையை விரிப்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும். எவ்வளவு தூரத்தில் பார்த்தாய், அது மேட்டில் நின்றதா பள்ளத்தில் நின்றதா, எதை வைத்து அளந்தாய் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள். கேட்க எனக்கு என்ன யோக்கியதை? நானும் ஒன்றைப் பார்த்தவள்தான். அதன் உயரத்தை இரண்டு பேரிடம் இரண்டு விதமாகச் சொன்னவள்.

ஜப்பான்காரன் காலம். மலாயாவில் மந்தின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு பாதிக் காடுகளில் வெட்டு நின்றுவிட்டது. தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவையும் நாங்கள் காடு என்றுதான் சொல்வோம். இப்போது அவை நிஜமாகவே காடாகிக்கொண்டிருந்தன. மரத்துக்கு மரம் கொடி படர்ந்து, பன்றி வந்தது, குரங்கு வந்தது. நாங்கள் குடியிருந்த லயத்து நாய்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. நாய்க்குச் சோறு போட எங்களிடமும் ஒன்றும் இல்லை என்பதால் அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. உடுத்த கோணிச்சாக்கு.

எங்கள் அறையில் மூன்று பேர்: அண்ணன், அண்ணி, நான். அம்மா, அப்பா முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சயாமில் ரயில் பாதை போட வீட்டுக்கு ஓர் ஆண் வரவேண்டும் என்று உத்தரவு வந்தது. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கே லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். போனவர்கள் மூன்று மாதத்தில் திரும்பிவிடுவார்கள் என்று ஆபீசில் கணக்கெழுதும் கிராணி சொன்னார். முதல் லாரி போய் ஆறு மாதம் ஆகியும் ஒரு கடுதாசி வரவில்லை.

இரண்டாவது லாரி வருகிறது என்று தெரிந்ததும் அண்ணன் ஒன்பதாம் நம்பர் காட்டில் போய் ஒளிந்துகொண்டான். அங்கே பழைய பால் கொட்டாய் ஒன்று இருந்தது. கூரை பாதி, சுவர் பாதி, கதவே கிடையாது. வெட்டு நின்றுபோன காடு என்பதால் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. நானும் அதற்கு முன் அங்கே ஒருநாளும் வெட்டியதில்லை. வேலைக்குப் போகும்போது வாளியின் அடியில் அவித்த கிழங்கை இலையில் சுற்றி வைத்துக்கொள்வேன். என் மரங்களை முடித்துவிட்டு, பால் வடிகிற நேரத்தில் ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வருவேன். லயத்தில் கேட்டால் அண்ணன் சிரம்பானில் வேலை தேடிப் போயிருக்கிறான் என்று அண்ணி சொல்வாள்.

அண்ணனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மனுசனுக்குப் பயப்படவே மாட்டான். எங்களை வேலை வாங்கும் மண்டோரைக் கை நீட்டி அடித்து அபராதம் கட்டியவன். ஆனால் மிருகம் என்றால் அவனுக்கு உயிர் போய்விடும். உடும்பு குறுக்கே ஓடினாலும் அரை நாழிகை நின்றுவிட்டுத்தான் நடப்பான். அதைச் சொல்லிச் சொல்லி அவனைக் கேலி செய்தவள் நான்தான்.

ஒருநாள் காலை, மழை விட்டு வெயில் ஏறிய நேரம். ஒன்பதாம் காடு மேட்டு நிலம். மரங்கள் படிப்படியாக வெட்டிய திட்டுகளில் நிற்கும். நான் கீழ்த் திட்டில் போய்க்கொண்டிருந்தேன். மேல் திட்டில், கவட்டை போல இரண்டாகப் பிரிந்த மரத்தின் அருகே அது நின்றது. முதலில் எரிந்த கட்டை என்றுதான் நினைத்தேன். கட்டை தலையைத் திருப்பியது.

உடம்பு முழுக்கக் கறுப்பு. பக்கவாட்டில் வெயில் விழுந்த இடத்தில் மட்டும் கறுப்புக்குள் இன்னும் கறுப்பாகப் புள்ளிகள் தெரிந்தன, கறுப்புச் சேலையில் கறுப்பு நூலால் பூப் போட்டதுபோல. கண் வெளிறிய மஞ்சள். வால் தரையைத் தொட்டு நுனியில் மேலே வளைந்திருந்தது. விலா எலும்பும் தெரிந்தது, அதை அப்போது நான் கணக்கில் எடுக்கவில்லை. திட்டின் ஓரத்தில் பெரணிச் செடி மண்டியிருந்ததால் கால்களைப் பார்க்க முடியவில்லை. முதுகு தெரிந்தது. முதுகுக்கு நேராக அந்த மரத்தில் பாலுக்காகப் பட்டையைச் சீவிய பழைய வெட்டுக்கோடு தெரிந்தது. நான் பால்மரக்காரி, கோட்டை வைத்து அளக்காமல் வேறு எதை வைத்து அளப்பேன்? தினமும் நான் வெட்டுகிற மரங்களில் கோடு என் இடுப்புக்கு நேராக இருக்கும். அப்படியானால் இது இடுப்பு உயரம்.

அது என்னைப் பார்த்தது, சத்தமில்லாமல் திரும்பிப் போய்விட்டது. அவ்வளவுதான். நான் கிழங்கைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன்.

வழியில் மண்டோர் மறித்தார்.

"என்னா புள்ள, வாளிய வச்சிக்கிட்டு இப்படி ஓடியார? அந்தப் பக்கம் ஒனக்கு என்னா வேல?"

"வெறகு பொறுக்கப் போனேங்க. ஏதோ ஒண்ணு நின்னுச்சு."

"புலியா? புலின்னா ஆபீசுல சொல்லணும்லா. சோல்ஜருங்க துப்பாக்கியோட வந்து காட்டையே அலசிடுவானுங்க."

காட்டை அலசினால் கிடைக்கப்போவது புலி அல்ல.

"புலியெல்லாம் இல்லீங்க. காட்டுப்பூன. இம்மாம் பெருசுதான்," என்று குனிந்து முழங்காலைத் தொட்டுக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். பொய் பலித்ததே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் அண்ணனிடம் உண்மையைச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் கதவில்லாத கொட்டாயில் படுத்திருக்கிறவனிடம் எப்படி மறைப்பது?

"எவ்ளோ ஒசரம்?" என்று கேட்டான்.

என் இடுப்பில் கையை வைத்துக் காட்டினேன்.

"நல்லாப் பாத்தியா?"

"வெட்டுக்கோட்டுக்குச் சமமா நின்னுச்சுண்ணே. நான் பாத்தேன்."

அவனும் மரம் வெட்டுகிறவன். அந்த அளவு அவனுக்குப் போதும். கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். கொட்டாய்க்குள் நெருப்புப் போட்டு வை, அது நெருப்புக்குப் பயப்படும் என்றேன். புகை தெரிந்தால் ஆள் வருவான் என்றான். அதுவும் சரிதான். அவனை அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் பெரட்டுக்குப் போனபோது லாரி நின்றுகொண்டிருந்தது. அதன் மேல் ஏழெட்டுப் பேருக்கு நடுவில் அண்ணன். விடியும்போது தானாகவே லயத்துக்குத் திரும்பி வந்திருக்கிறான். அறைக்குள் நுழைவதற்குள் பிடித்துவிட்டார்கள். அண்ணி லாரியின் பலகையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் கிட்டே போனேன். அவன் முகத்தில் பயமே இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியாதது.

"அழுவாதீங்க. இங்க எங்கூட ஆளுங்க இருக்காங்கல்ல," என்றான்.

சில மாதம் கழித்து, ஒன்பதாம் காட்டை அழித்து மரவள்ளி போடச் சொன்னார்கள். நானும் அண்ணியும் ஒரே வரிசையில் கொடியையும் பெரணியையும் வெட்டிக்கொண்டே மேல் திட்டுக்கு ஏறினோம். கவட்டை மரம் எதிரே வந்தது. அதன் அடியில் மண்டியிருந்ததை நானே வெட்டித் தள்ளினேன்.

பட்டையைத் தினமும் சீவச் சீவ, வெட்டுக்கோடு கீழே இறங்கிக்கொண்டே வரும். பால் வெட்டுகிற சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். ஒன்பதாம் காட்டு மரங்கள் கிழட்டு மரங்கள். வெட்டு நிற்பதற்குள் கோடு தரையை நெருங்கிவிட்டது. நான் மரத்தோடு ஒட்டி நின்று பார்த்தேன். கோடு என் முழங்காலுக்கு வந்தது. மண்டோரிடம் பொய்யாகக் காட்டிய அதே இடம். பட்டினி கிடந்த, நாய்களைத் தின்று பிழைத்த, மனுசனைக் கண்டால் விலகிப் போகிற ஒரு சின்ன ஜீவன். லயத்தில் ஒரு குழந்தையைக்கூட அது தொட்டதில்லை. அண்ணன் அந்தக் கொட்டாயிலேயே இருந்திருக்கலாம்.

அண்ணி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"இந்த மரத்துக்கிட்டத்தான் அதப் பாத்தியா?"

அண்ணன் அன்று ஏன் வெளியே வந்தான் என்று அவள் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தாள். இடுப்பளவு கரும்புலி, எந்த ஆம்பளைதான் அங்கே இருப்பான் என்று சொல்லுவாள். அவளுக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு நியாயம்தான். அவன் திரும்பி வரவே போவதில்லை என்பது எங்கள் இருவருக்கும் அப்போது தெரியாது.

"இது இல்ல அண்ணி," என்றேன். "அது வேற மரம்."

வெட்டுக்கோட்டை என் காலால் மறைத்துக்கொண்டு, அவள் அடுத்த மரத்துக்குப் போகும்வரை அங்கேயே நின்றேன்.