காலர் அக்காவின் மூச்சுப் பிடிப்பு

இடுப்பு வலிக்கு ஒரே பயிற்சியைச் செய்யும் இரண்டு பேரில் ஒருவர் எழுந்து நடக்க, இன்னொருவர் ஏன் சுருண்டு படுக்கிறார்? காலர் அக்காவின் கதையைக் கேட்பதற்கு முன் யாராவது கேட்டிருந்தால் திருதிருவென விழித்திருப்பேன்.

காலர் அக்கா, சட்டைத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாகக் காலர் மட்டுமே தைப்பவர். குனிந்தே தைத்ததில் இடுப்பு மக்கர் செய்தது. மணிக்கொரு தரம் மிஷினை விட்டு எழுந்து சுவரில் சாய்ந்து நின்றார். மேற்பார்வையாளர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன்க்கா. முடியலன்னா நூல் வெட்டுற பக்கம் போயிடுங்க" என்றார். அது நேற்றுச் சேர்ந்தவர்கள் செய்யும் வேலை. அக்காவுக்குச் சுருக்கென்றது.

பிசியோதெரபி அறையில் மல்லாந்து படுத்து முழங்காலை மார்புக்கு இழுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். "முப்பது எண்ணுற வரைக்கும் அப்படியே பிடிங்க" என்றார் பயிற்சியாளர். அக்கா ஒருநாளும் விடவில்லை. அவரோடு சேர்ந்த லாரி ஓட்டுநர் இரண்டே வாரத்தில் விசிலடித்தபடி படியேறினார். அக்காவின் இடுப்போ கல்லாக இறுகியது.

"தம்பி, எனக்கு மட்டும் ஓரவஞ்சனையா சொல்லிக்குடுத்தீங்களா?"

"எங்க, செஞ்சு காட்டுங்க."

அக்கா முழங்காலை இழுத்தார். பதினைந்து எண்ணுவதற்குள் முகம் தக்காளியாகச் சிவந்தது.

"அய்யோ, மூச்சு எங்கக்கா போச்சு?"

"நீங்கதானே பிடிங்கன்னீங்க!"

"நான் காலைப் பிடிக்கச் சொன்னேன்!"

பக்கத்துப் பாயில் கிடந்த ஓட்டுநர் விடுவாரா? "மூச்சைப் பிடிச்சா மூச்சுப் பிடிப்புதானேக்கா வரும்!"

அறையே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. காலர் முனையைத் திருப்பும்போது தையல் பிசகக் கூடாதென்று மூச்சை அடக்கிக்கொள்வார். நாளுக்கு நானூறு காலர். ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனை. 'பிடி' என்றால் அவர் உடம்புக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

மூச்சை அடக்கினால் இடுப்பும் சேர்ந்து இறுகும் என்று பயிற்சியாளர் சொல்ல, அன்றிலிருந்து முப்பதை மறந்தார். ஐந்து முறை நிதானமாக மூச்சு விடும்வரை ஒரு நிலையில் இருந்தார்.

"என்னம்மா, பஞ்சரான டயர் மாதிரி புஸ்ஸு புஸ்ஸுங்கற?" என்றாள் மகள்.

"போடி! இந்த வண்டி காத்து எறங்குனாத்தான் ஓடும்."

மாதக் கடைசி நாளில் அக்கா சுவர்ப் பக்கம் ஒரே ஒரு தரம்தான் போனார். மேற்பார்வையாளர், அக்கா தைத்த காலர்களைப் புரட்டிப் பார்த்தார். "நூல் வெட்ட வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று நகர்ந்தார்.

வலி அடியோடு போகவில்லை; அவ்வப்போது எட்டிப்பார்க்கிறது. மிஷின் மட்டும் அக்காவிடமே இருக்கிறது.

உங்கள் வீட்டிலோ வேலையிடத்திலோ பல்லைக் கடித்துக்கொண்டு பயிற்சி செய்கிறவர் யாராவது இருந்தால், இந்தக் கதையை அவர் காதில் போட்டு வையுங்கள்.